‘ரன்’ என்ற ஒரு சொல்லை வைத்துப் பார்த்த ஆக்ஸ்ஃபோர்டு இணைய அகராதி

கோலாலம்பூரின் செந்தூலில், மலேசிய இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் மாணவர்களுக்கு ஆங்கில டியூஷன் நடத்தி வருகிறேன். பிள்ளைகள் கொண்டுவரும் சிறிய ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் ‘ரன்’ என்ற சொல்லுக்கு எதிரே ஓடு, நடத்து, பாய், இயங்கு என்று அடுக்கிவிடுகின்றனவே தவிர, எதை எங்கே பயன்படுத்துவது என்று சொல்வதில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் கட்டணமில்லா இணையப் பதிப்பு. இதன் மூல நூல் 1942இல் ஜப்பானில், ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பவர்களுக்காக ஹார்ன்பி என்பவர் தலைமையில் உருவானது.

ஆக்ஸ்ஃபோர்டின் பேரகராதி, வினைச்சொல்லாக வரும் ‘ரன்’னுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டுவதாக 2011இல் செய்தி வந்தது. மாணவருக்கு அத்தனையும் தேவையில்லை. கற்போர் அகராதி வேண்டியவற்றை மட்டும் எடுத்து, வணிகம், பேருந்து, இயந்திரம், நீர், சாயம் என்று சிறு தலைப்புகளின் கீழ் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தருகிறது. இந்தத் தலைப்புகள்தாம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. எல்ஆர்டி ரயில் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரையரங்கில் படம் ஓடுகிறது என்று நம் ‘ஓடு’வும் ‘ரன்’னோடு வெகுதூரம் கூடவே வருகிறது, ஆனால் சளி பிடித்தால் மூக்கு ஒழுகுகிறது, பாத்தேக் சட்டையை நனைத்தால் சாயம் போகிறது, உணவுக்கடையை நடத்துகிறோம். எந்த இடத்தில் தமிழ் வேறு வினைக்கு மாறுகிறது என்பதை, தலைப்புகளைப் பார்த்துக்கொண்டே மாணவர் தாமாகக் கண்டுபிடித்துவிடுகிறார்.

தேர்தலில் நிற்பதைக் குறிக்கும் ‘ரன்’ பெரும்பாலும் வட அமெரிக்க வழக்கு என்றும், பிரிட்டிஷ் வழக்கில் ‘ஸ்டாண்ட்’ என்றும் இதில் குறித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் வழக்கை ஒட்டிப் படிக்கும் மலேசிய மாணவர்களுக்கு இது அவசியமான குறிப்பு. முக்கியமான பொருள்களுக்கு ஏ1, பி1 போன்ற சிஇஎஃப்ஆர் (மொழித்திறனை அளக்கும் ஐரோப்பியத் தர அளவுகோல்) நிலைகளும் தரப்பட்டுள்ளன; 2021ஆம் ஆண்டுத் தேர்வு முதல் எஸ்பிஎம் ஆங்கிலத் தாள் அந்தத் தரத்தை ஒட்டியே அமைவதால், எதை முதலில் படிப்பது என்று முடிவு செய்ய அவை கைகொடுக்கின்றன.

‘ரன் அவுட்’, ‘ரன் இன்டு’ போன்ற கூட்டுவினைகளைத் தனிப் பக்கங்களில் தேட வேண்டும். பொறுமையில்லாத பிள்ளைகள் அங்கே போகாமலே விட்டுவிடக்கூடும், ஆசிரியர்தான் அழைத்துச் செல்ல வேண்டும். தமிழ் விளக்கம் இதில் இல்லை. ஆகவே தொடக்கநிலையான தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு இதை மட்டும் கொடுக்கமாட்டேன். படிவம் மூன்றுக்கு மேல் படிப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.