படகு ட்ரெய்லரின் முன்பாரம் அளக்கும் கருவி: ஒரு பருவப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டினால் என் படகு ட்ரெய்லர் இடமும் வலமுமாக அலையத் தொடங்கும். பெரிய லாரி ஒன்று கடந்து சென்றால் அந்த அலைவு காரின் பின்பகுதியையே பிடித்து உலுக்கும். இதைச் சரிசெய்ய இரண்டு பொருள்களை வாங்கினேன். முதலாவது, காருக்கும் ட்ரெய்லருக்கும் இடையே பூட்டி, உராய்வால் அலைவை அடக்கும் உராய்வுத் தண்டு. இரண்டாவது, ட்ரெய்லரின் கப்ளர் (காரோடு இணையும் அதன் முன்முனைப் பூட்டு) காரின் கொக்கிப் பந்தின் மீது எவ்வளவு எடையை இறக்குகிறது என்று காட்டும் சிறிய ஸ்பிரிங் அளவி. என் ட்ரெய்லரை நேராக ஓடச் செய்தது இரண்டாவதுதான் என்பதால், இந்த மதிப்பீடு பெரும்பாலும் அதைப் பற்றியதே.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுவோர் முன்பாரம், பின்பாரம் என்று பிரித்துச் சொல்வார்கள். படகு ட்ரெய்லருக்கும் அந்தச் சொற்கள் அப்படியே பொருந்துகின்றன: கப்ளர் பந்தின் மீது இறக்கும் எடைதான் முன்பாரம்; அச்சுக்குப் பின்னால் கனம் கூடி அந்த எடை குறைந்துபோனால் பின்பாரம். வெளிப்பொறி (பின்சுவரில் வெளியே மாட்டும் எஞ்சின்) பூட்டிய படகில் எஞ்சின், பேட்டரி, எரிபொருள் ஆகிய கனமான பொருள்கள் எல்லாம் பின்முனையிலேயே இருப்பதால், பார்வைக்குச் சமமாக நிற்கும் ட்ரெய்லர்கூட உண்மையில் பின்பாரமாக இருக்கக்கூடும். அப்படி இருக்கும்போது காற்றோ பள்ளமோ ட்ரெய்லரைச் சற்றே திருப்பினாலும், அந்த ஆட்டம் தானாக அடங்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் பெரிதாகிறது; வேகம் கூடக்கூட அடங்கும் தன்மை இன்னும் குறைகிறது. முன்பாரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு எல்லா இடங்களிலும் ஒரே எண் சொல்லப்படுவதில்லை. பொதுவான சரக்கு ட்ரெய்லர்களுக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்று அமெரிக்காவிலும், 5 முதல் 7 சதவீதம் என்று ஐரோப்பாவிலும் பரிந்துரைக்கிறார்கள். படகு ட்ரெய்லர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் என்று பல தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், காருக்கும் அதன் கொக்கிக்கும் விதிக்கப்பட்ட வரம்புகளில் எது குறைவோ அதை மீறக் கூடாது.

கருவி ஒரு தடித்த உலோகக் குழாய்தான். அதன் மேல்முனையைக் கப்ளரின் குழிக்குள் பொருத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் ஜாக்கியை மெதுவாகத் தாழ்த்தினால், உள்ளே ஸ்பிரிங் அமுங்கி எடை கிலோகிராமில் தெரிகிறது. அதன் துல்லியத்தைச் சோதிக்க, மேலே ஒரு பலகையை வைத்து 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். 60 கிலோகிராம் வரை 2 கிலோகிராமுக்கு மேல் வேறுபாடு இல்லை. இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

ஆனால் எதை, எந்த நிலையில் அளக்கிறோம் என்பது கருவியின் துல்லியத்தைவிட முக்கியமானது. முதல் முறை எரிபொருள் டேங்க் காலியாக இருந்தபோது அளந்து, 62 கிலோகிராம் என்று கண்டு நிம்மதியடைந்தேன். அது தவறான நிம்மதி. என் படகில் 80 லிட்டர் டேங்க் சக்கர அச்சுக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் பின்னால் இருக்கிறது. அச்சிலிருந்து கப்ளர் வரை 4.5 மீட்டர். டேங்கை நிரப்பினால் பின்னால் ஏறக்குறைய 60 கிலோகிராம் கூடுகிறது, முன்னால் 20 கிலோகிராம் குறைகிறது. நிரப்பிய பிறகு அளவி காட்டியது 42. மொத்த எடை 1,200 கிலோகிராம் என்பதால் அது 3.5 சதவீதம் மட்டுமே. படகின் அடித்தட்டில் தேங்கும் மழைநீரும் இதே கெடுதலைச் செய்யும் என்பதால், வடிகால் அடைப்பானைக் கழற்றி நீரை வெளியேற்றிய பின்பே இப்போது அளக்கிறேன்.

காரணம் எண்ணாகத் தெரிந்தபின் திருத்தம் கடினமாக இல்லை. படகின் முன்முனையை இழுத்துப் பிடித்திருக்கும் வின்ச் தூணைத் தளர்த்தி, 850 கிலோகிராம் எடையுள்ள படகை 15 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தியதில் 28 கிலோகிராம் கூடியது. நங்கூரம், சங்கிலி, உதிரி பேட்டரி என 40 கிலோகிராம் பொருள்களைப் பின்முனையிலிருந்து 2.5 மீட்டர் முன்னே கொண்டுவந்து கட்டியதில் மேலும் 22 கிலோகிராம் சேர்ந்தது. இப்போது அளவி 92 காட்டுகிறது. என் கொக்கியின் வரம்பு 100. படகை நகர்த்துபவர்கள், அதன் பின்சுவர் தாங்குபலகைகளின் மீது முழுமையாக அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். நகர்த்த இடமில்லாத ட்ரெய்லரில் அச்சையே பின்னுக்குத் தள்ளலாம், ஆனால் அதைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும். டயர்க் காற்று, சக்கர பேரிங், ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் யு-போல்ட்டுகள், கப்ளருக்கும் பந்துக்கும் இடையிலான தளர்வு ஆகியவற்றையும் பார்த்தேன். என் ட்ரெய்லரில் அவை சரியாகவே இருந்தன.

உராய்வுத் தண்டைப் பற்றி: அது அலைவைக் குறைத்தது என்பது உண்மை, ஆனால் பின்பாரத்தை மறைத்தும் வைத்தது. வளைந்து பின்னோக்கி ஓட்டும் முன் அதைக் கழற்ற வேண்டும். படகை நீரில் இறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வேலை உண்டு. காரின் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும் விசையாலேயே இயங்கும் பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு இத்தகைய தண்டுகள் பொதுவாக ஏற்றவையல்ல, ஏனெனில் கப்ளர் நகர்ந்தால்தான் அந்த பிரேக் பிடிக்கும். படகு ட்ரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது அந்த வகை பிரேக்தான். விற்றவர் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அளவியிலும் குறைகள் உண்டு. பாரம் ஏறும்போது ஸ்பிரிங் சில சென்டிமீட்டர் அமுங்குவதால், அமுங்கிய பின் கப்ளர் பந்தின் உயரத்துக்கு வருமாறு அடியில் பலகை வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. உயரம் மாறினால் அளவும் மாறும், கையேட்டில் இது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அடித்தட்டு மிகச் சிறியது, மண்தரையில் புதைகிறது. உப்புநீர் பட்ட கப்ளரில் வைத்து எடுத்ததால் இரண்டே மாதத்தில் மேல்முனையில் துரு பிடித்தது. இப்போது ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வைக்கிறேன். அடித்தட்டை அகலமாக்கி, முனையைத் துருப்பிடிக்காத எஃகில் செய்தால் தயாரிப்பாளரிடம் நான் கேட்க வேறொன்றும் இருக்காது.