மூன்று நட்சத்திரம், அதில் இரண்டு ஆய்வகத்துக்கு

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கையில் வந்த காகிதத்தைப் படிக்காமல் விடும் பழக்கம் இல்லை. அம்மா புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 19 நாள் இருந்தார். நிமோனியா என்று சேர்த்தோம். வென்டிலேட்டரில் இருந்த ஆறாம் நாள் மறுபடியும் காய்ச்சல் ஏறியது. மருத்துவமனையின் பெயரைச் சொல்லிச் சந்தி சிரிக்க வைக்க விருப்பமில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

காய்ச்சல் ஏறிய இரவே, மருந்தை மாற்றுவதற்கு முன்பு, ரத்தமும் சளியும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுத்துவிட்டார்கள். அதற்கே தாராளமாக மதிப்பெண் தரலாம். மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. கிருமி கிளெப்சியெல்லா நிமோனியே. கீழே மருந்துகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒற்றை எழுத்து. 'எஸ்' என்றால் கிருமி மருந்துக்கு அடங்கும், 'ஆர்' என்றால் அடங்காது. விரல் வைத்து எண்ணினேன். 17 மருந்தில் 16-க்கு 'ஆர்'. மெரோபெனம் என்ற வலுவான மருந்துக்கும் அதேதான். கடைசிக் கையிருப்பான கோலிஸ்டினுக்கு மட்டும் 'ஐ', அதாவது இரண்டுக்கும் நடுவே. அதற்கு இப்போதெல்லாம் 'எஸ்' போடுவதே இல்லையாம். பலன் உறுதியில்லை, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டரம்மா, "என்ன தொழில் சார்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்படியானால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்" என்று அறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு பெரிய சுருளும், பக்கத்தில் ஒரு சின்ன வளையமும் வரைந்தார். சுருள், பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏ. வளையத்துக்குப் பெயர் பிளாஸ்மிட். மருந்தை முறியடிக்கும் மரபணு அந்த வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாக்டீரியா வளையத்தை நகலெடுத்துப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிடும். வாங்குவது தன் இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மூலப் பத்திரம் வீட்டிலேயே இருக்க, நகல் தெருவெல்லாம் போய்விடுகிறது.

எந்த மரபணு என்று பிசிஆர் சோதனையில் சில மணி நேரத்தில் சொல்லிவிட்டார்கள்: என்டிஎம். 'என்டி' என்பது நியூ டெல்லி. அங்கே சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-இல் அகப்பட்டதால் வந்த பெயர். பண்ருட்டிக்குப் பலாப்பழம், டெல்லிக்கு இது.

பெயர் தெரிந்ததால்தான் அம்மா பிழைத்தார் என்று நினைக்கிறேன். இந்த மரபணு உண்டாக்கும் நொதி, பென்சிலின் குடும்பத்து மருந்துகளில் அநேகமாக எல்லாவற்றையும் உடைத்துவிடும். அஸ்ட்ரியோனத்தை மட்டும் உடைக்க முடியாது. ஆனால் அதே கிருமி கூடவே வைத்திருக்கும் வேறு நொதிகள் அஸ்ட்ரியோனத்தை உடைத்துவிடும். அந்த நொதிகளை அவிபாக்டாம் என்ற மருந்து கட்டிப்போடுகிறது. ஆகவே அது கலந்த செஃப்டசிடிம்-அவிபாக்டாமையும் அஸ்ட்ரியோனத்தையும் சேர்த்து ஏற்றினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் எதிரே 'ஆர்' தான். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. பில்லைப் பற்றி எழுதி இன்னொரு முறை வயிறு எரிய வேண்டாம்.

இனி வருத்தம். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் கை சுத்தம் செய்யும் திரவ பாட்டில் மாட்டியிருந்தது. அம்மாவின் கட்டிலில் இருந்ததை அமுக்கினால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. சொன்னேன், மூன்று நாள் அப்படியே இருந்தது. பக்கத்துக் கட்டிலில் மூத்திரப் பையைக் காலி செய்த உதவியாளர், அதே கையுறையோடு வந்து அம்மாவின் தலையணையைச் சரிசெய்தார். கீழே ஆய்வகத்தில் மரபணுவையே படித்துச் சொல்கிறார்கள், மேலே வார்டில் ஒரு பாட்டிலை நிரப்ப ஆளில்லை. அம்மாவுக்குக் கிருமி அங்கேதான் தொற்றியது என்று நான் சாதிக்கவில்லை. குடலில் முன்பே இருந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இருக்கலாம், சளி பிடித்தபோதெல்லாம் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

இரண்டு நட்சத்திரம் ஆய்வகத்துக்கு, ஒன்று டாக்டரம்மாவுக்கு. வார்டுக்கு ஒன்றும் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த சுருக்கத்தில் 'தொற்று, சிகிச்சை அளிக்கப்பட்டது' என்று ஒரே வரி. கிருமியின் பெயரும் இல்லை, மரபணுவும் இல்லை. இந்தக் கிருமி குடலில் மாதக்கணக்கில் தங்கக்கூடியது; அடுத்து எங்கே சேர்த்தாலும் முதல் நாளே சொன்னால்தான் தனியாக வைத்துப் பார்ப்பார்கள். கவுண்டரில் இரண்டு மணி நேரம் நின்று எழுதி வாங்கினேன். கல்ச்சர் அறிக்கைக்கு நகல் கேட்டதற்கு 100 ரூபாய் என்றார்கள். அசலையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, கடைக்கு வந்து பத்து பிரதி போட்டேன், டாக்டரம்மா வரைந்த பின்பக்கத்தையும் சேர்த்து.