கேரட் ஜூஸுக்கு ஸ்லோ ஜூஸர்: வேலூர் வீடுகளில் நாள்பட்ட புழக்கத்தில் தெரிந்தவை

கேரட் ஜூஸுக்கென்றே ஸ்லோ ஜூஸர் (உள்ளே ஒரு ஸ்க்ரூ மெதுவாகச் சுழன்று, சல்லடையில் நசுக்கிச் சாறு பிழியும் மெஷின்) வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். அரை கிலோ ஊட்டி கேரட்டைத் தோல் சீவி, காம்பும் நுனியும் நறுக்கினால் 450 கிராம் அளவுக்கு நிற்கும். ஸ்லோ ஜூஸரில் அது 250 முதல் 280 மில்லி ஜூஸ் தரும். அதையே மிக்ஸியில் அரைத்துத் துணியில் பிழிந்தால், அரைபடுவதற்காக ஊற்றிய தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது 200 மில்லியைத் தாண்டுவது கஷ்டம். ஆக, அரை கிலோவுக்குக் கால் டம்ளர்தான் வித்தியாசம். வாரத்துக்கு ஒருநாள் ஜூஸ் போடுகிற வீட்டுக்கு மிக்ஸியே தாராளம். தினமும் காலையில் மூன்று, நான்கு டம்ளர் வேண்டும் என்கிற வீட்டுக்குத்தான் இந்த மெஷின் தேவைப்படும். அப்படி வாங்கினாலும் அது எத்தனை வருடம் உழைக்கும் என்பது மோட்டாரைப் பொறுத்ததில்லை. ஜூஸ் எடுத்து முடித்த அடுத்த பத்து நிமிடத்தில் நீங்கள் செய்வதைப் பொறுத்தது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கேரட். டோல்கேட் உழவர் சந்தையிலோ நேதாஜி மார்க்கெட்டிலோ பளபளவென்று கழுவி அடுக்கியிருப்பது பெரும்பாலும் நீலகிரியிலிருந்து வருவது. அங்கேயே மெஷினில் கழுவி அனுப்புவதால் மண் இருக்காது. ஆனால் மேல்தோல் உரசுப்பட்டிருப்பதால் சீக்கிரம் வழவழத்துவிடும். வாங்கி நாலைந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். கர்நாடகத்தின் மாலூர்ப் பக்கத்திலிருந்து வரும் கேரட் கொஞ்சம் வெளிறி இருந்தாலும் விலை குறைவு, ஜூஸுக்கு மோசமில்லை. குளிர்காலத்தில் சில வாரம் மட்டும் தலைகாட்டும் டெல்லி கேரட் நல்ல சிவப்பு. நீரும் இனிப்பும் அதிகம். ஜூஸுக்கு அதற்கு இணை இல்லை.

பெரிய கேரட் வாங்கினால் சீவுகிற வேலை மிச்சம் என்று நினைக்க வேண்டாம். கை மணிக்கட்டுப் பருமனில் இருப்பதை நடுவே பிளந்து பாருங்கள். உள்ளே வெளிறிய மஞ்சள் தண்டு கட்டையாக இருக்கும். அதில் சாறும் இல்லை, இனிப்பும் இல்லை. இரண்டு விரல் சேர்த்த பருமன்தான் சரி. ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்டதைக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் ஓரளவு விறைப்பு திரும்பும். தலைப்பக்கம் பச்சை ஏறியிருந்தால் ஒரு அங்குலம் தாராளமாக நறுக்கி எறியுங்கள். அந்தப் பச்சை கசக்கும்.

கசப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை. ஆப்பிள், பழுத்த வாழைப்பழம் இவற்றோடு சேர்த்துக் கேரட்டை வைத்தால், பழங்கள் விடும் எத்திலீன் வாயு பட்டுக் கேரட்டில் கசப்புப் பொருள் உண்டாகிவிடும். பிரிட்ஜில் ஒரே டப்பாவில் பழமும் கேரட்டும் கிடந்தால் எவ்வளவு நல்ல மெஷினும் அந்த ஜூஸைக் காப்பாற்றாது. இலையோடு வாங்கினால் இலையை உடனே கிள்ளிவிட வேண்டும். அது கேரட்டிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

நறுக்கும் விதம் முக்கியம். வட்ட வட்டமாக நறுக்கினால் ஸ்க்ரூவின் மேலேயே உருண்டுகொண்டு கிடக்கும், தள்ளுகட்டையால் அழுத்தத் தோன்றும். நீளவாக்கில் விரல் நீளம், ஒரு சென்டிமீட்டர் கனம் இருந்தால் ஸ்க்ரூ தானே கவ்வி இழுத்துக்கொள்ளும். பெரிய வாய் உள்ள மாடலில் முழுசாகப் போடலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். கேரட் விஷயத்தில் நம்பாதீர்கள், இரண்டாகவாவது பிளந்து போடுங்கள். ஒரு துண்டு உள்ளே போய், மோட்டார் சத்தம் 'ம்ம்' என்று தாழ்ந்து மறுபடி பழைய நிலைக்கு வந்தபின்தான் அடுத்த துண்டு. அரை கிலோவுக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். அவசரப்படுத்தினால் சக்கை ஈரமாக வரும், ஜூஸில் பிசிறும் கலக்கும். இஞ்சி சேர்ப்பதானால் அரை அங்குலத் துண்டு போதும். அதை நறுக்கி இரண்டு கேரட் துண்டுகளுக்கு நடுவில் போடுங்கள். கடைசியில் போட்டால் அதன் நார் ஸ்க்ரூவில் சுற்றிக்கொண்டு நிற்கும்.

வெளியே வரும் சக்கையை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உதிரியாக விழுந்தால் எல்லாம் சரி. விரலிடுக்கில் நீர் கசிந்தால், ஜூஸர் பாத்திரத்தின் அடியில் சக்கை வாய்க்குக் கீழே இருக்கும் சிலிக்கான் அடைப்பைத் திருப்பிப் பாருங்கள். பத்தில் எட்டு முறை, கழுவிவிட்டு அதைச் சரியாகச் செருகாமல் விட்டதுதான் காரணம். அது திறந்திருந்தால் சக்கை அழுந்தாமலே வெளியேறிவிடும்.

மெஷின் நடுவில் நின்றுவிட்டால் மூடியைத் திருகித் திறக்கப் பலம் காட்டாதீர்கள். கேரட் சக்கை சிமெண்ட் மாதிரி இறுகும் சமாசாரம். ரிவர்ஸ் சுவிட்சை இரண்டு மூன்று விநாடி வீதம் மூன்று தடவை அழுத்தி, மறுபடி முன்பக்கம் ஓட்டுங்கள். முடித்தபிறகும் காலியாக அரை நிமிடம் ஓடவிட்டால் மூடி லேசாகத் திறக்கும். கத்தி முனையாலோ ஸ்பூனாலோ நெம்பியதால்தான் சல்லடைகளில் மயிரிழை வெடிப்பு விழுகிறது.

வேலூருக்கென்று ஒரு எச்சரிக்கை: சித்திரை, வைகாசியில் ராத்திரி எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் இதைத் தொடாதீர்கள். வோல்டேஜ் குறையும்போது ஸ்க்ரூ திணறும், மோட்டார் சூடேறும். காலை வேளைதான் உத்தமம். பதினைந்து நிமிடம் ஓடினால் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள்.

இனி கழுவுதல். சல்லடையின் ஓட்டைகள் மிகச் சிறியவை. கேரட் நார் ஈரமாக இருக்கும்போது குழாயடியில் பிரஷ்ஷால் தேய்த்தால் இரண்டு நிமிடத்தில் போய்விடும். அரை மணி நேரம் காய்ந்துவிட்டால் அதே வேலைக்கு இருபது நிமிடம். ஒளியில் பிடித்துப் பார்த்தால் அடைபட்ட ஓட்டைகள் இருட்டாகத் தெரியும். உள்பக்கமிருந்து வெளியே அல்ல, வெளிப்பக்கமிருந்து உள்ளே தேய்க்க வேண்டும்; அப்போதுதான் நார் வந்த வழியே திரும்பும். அடியில் இருக்கும் சிலிக்கான் அடைப்பைத் தினமும் பிடுங்கிக் கழுவாவிட்டால் இரண்டு நாளில் கறுப்புப் பூசணம் பூக்கும். இந்த வெயிலில் ஒரே நாளிலும் பூக்கும்.

அடுத்தது நம் ஊர் உப்புத் தண்ணீர். போர் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தால் சில வாரத்தில் சல்லடை முழுக்க வெள்ளைப் படலம் கட்டும். ஓட்டைகள் சுருங்கும், ஜூஸ் குறையும், மெஷின் பழசாகிவிட்டது என்று தோன்றும். மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள்) கரைத்து, அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் புதுசு போல் ஆகும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தண்ணீர் அதிகம் உப்பேறிய இடங்களில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை இது கட்டாயம். கடைசி அலசலுக்கு ஒரு சொம்பு கேன் தண்ணீர் செலவழித்தால் படலம் கட்டுவதே குறையும். கொதிக்கும் தண்ணீர் மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

பிளாஸ்டிக்கில் ஏறும் ஆரஞ்சுக் கறை சோப்புக்கு மசியாது, ஏனென்றால் கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் எண்ணெயில் கரையும் பொருள். கடலை எண்ணெய் நாலு சொட்டு விட்டுத் துணியால் தேய்த்து, அப்புறம் சோப்புப் போடுங்கள். மிச்சக் கறை வெயிலில் வைத்தால் வெளுக்கும். நம்மூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

மெஷின் வாங்காதவர்களுக்கு மிக்ஸி முறை: 250 கிராம் கேரட்டைப் பொடியாக நறுக்கி, 75 மில்லி குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, 'பல்ஸ்' பக்கம் நாலைந்து திருப்பு திருப்பி, பிறகு ஒரு நிமிடம் ஓட்டவும். சட்டியின் மேல் நனைத்த மல் துணி விரித்துக் கொட்டி முறுக்கிப் பிழியவும். டீ வடிகட்டியில் வடிகட்டினால் பாதிச் சாறு சக்கையோடு போய்விடும். ஜாரை நிரப்பித் திணறவிட்டால் கப்ளர் தேயும், அடியில் உள்ள சிவப்புப் பட்டன் விழும். வேகத்தால் நுரை வருவது இயல்புதான், ஐந்து நிமிடத்தில் அடங்கும்.

எடுத்த ஜூஸ் கால் மணி நேரத்தில் மேலே தெளிவாகவும் கீழே அடர்த்தியாகவும் பிரியும். கெட்டுப்போகவில்லை, கலக்கிக் குடிக்கலாம். ஆனால் கேரட் ஜூஸில் புளிப்பு மிகக் குறைவு. எலுமிச்சை, ஆரஞ்சு ஜூஸ் மாதிரி தானாகத் தாங்காது. 2006-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும், சரியாகக் குளிரில் வைக்கப்படாத பாட்டில் கேரட் ஜூஸால் சிலருக்கு பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சுப் பாதிப்பு ஏற்பட்டது இதனால்தான். நம் வெயிலில் வெளியே வைக்கவே வைக்காதீர்கள். பிரிட்ஜில் வைப்பதானாலும் டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து, மூடி, அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

ஒருவருக்கு 150 முதல் 200 மில்லி போதும். நம்மூர் ஜூஸ் கடைகளில் பால் சேர்ப்பதில் ஒரு நியாயம் உண்டு: கொழுப்போடு சேர்ந்தால்தான் கரோட்டின் உடம்பில் நன்றாக ஒட்டும். வீட்டில் இரண்டு ஸ்பூன் தேங்காய்ப்பால் ஊற்றினாலும் அதே பலன். தினம் அதிகமாகக் குடித்தால் உள்ளங்கை மஞ்சளாகும். கண்ணின் வெள்ளை விழி மஞ்சளாகாததால் இது காமாலை இல்லை என்று தெரிந்துகொள்ளலாம், அளவைக் குறைத்தால் சரியாகிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நார் நீக்கிய ஜூஸைவிடப் பொரியலே மேல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் காரணமாக டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

சக்கையை எறியாதீர்கள். ஒரு கைப்பிடியை அடை மாவில் கலந்தால் நன்றாக இருக்கும். அல்வாவுக்குப் போட்டால் இனிப்பு போதாது, சாறு போன சக்கை பாலைத்தான் குடிக்கும். பாதிக்குப் பாதி புதுக் கேரட் துருவிச் சேர்த்துக் கிளறுங்கள்.