ஒரு குரல், ஒரு கிட்டார்: ட்ரேசி சாப்மனின் முதல் இசைத்தட்டு

1988 ஏப்ரலில் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட அமெரிக்கப் பாடகி ட்ரேசி சாப்மனின் முதல் பாடல் தொகுப்பு, 2025 ஏப்ரலில் வினைல் தட்டாக மறுபடியும் அச்சிடப்பட்டு வந்திருக்கிறது. பல ஆண்டுகளாகக் கைப்பேசியில் கேட்டுப் பழகிய பாடல்கள்தாம் என்றாலும், தட்டைச் சுழலவிட்டு ஊசியை இறக்கிய முதல் மாலையிலேயே, இவற்றை இதுவரை அரைக்காதால்தான் கேட்டிருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

அட்டையிலிருந்தே தொடங்க வேண்டும். மாட் மஹுரின் எடுத்த பழுப்பு நிறப் படத்தில், தலையைத் தாழ்த்தி, கண்களை நம் பக்கம் திருப்பாமல் நிற்கிறார் இருபத்துநான்கு வயதுப் பெண். ஒரு புதுப்பாடகியை உலகுக்கு அறிமுகப்படுத்தும் படத்தில் அவர் நம்மைப் பார்க்கவே இல்லை என்பது அன்றைக்கு எவ்வளவு துணிச்சலான தேர்வாக இருந்திருக்கும்! எனக்கு வந்த பிரதியின் அட்டை முனை மடங்கியிருந்தது. அனுப்பிய கடைக்காரர் இன்னும் கெட்டியான பெட்டியில் வைத்திருக்கலாம். நல்ல வேளையாகத் தட்டுக்கு எதுவும் ஆகவில்லை.

ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் தாயின் உழைப்பில் வளர்ந்து, உதவித்தொகையில் கனெக்டிகட் பள்ளியொன்றில் படித்து, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பயின்றபடியே ஹார்வர்ட் சதுக்கத்தின் நடைபாதையில் பாடிக்கொண்டிருந்தவர் சாப்மன். மின்னணு மேளமும் சின்தசைசரும் வானொலியை ஆண்ட காலத்தில், கறுப்பினப் பெண் ஒருவர் மரக்கிட்டாருடன் வந்து நின்றபோது, அவரை எந்த வரிசையில் நிறுத்துவது என்றே பலருக்குத் தெரியவில்லை. தயாரிப்பாளர் டேவிட் கெர்ஷன்பாம் செய்த பெரிய நன்மை, அந்தத் தடுமாற்றத்துக்கு இடம் கொடாமல், டென்னி ஃபாங்ஹைசரின் மேளத்தையும் லாரி க்ளைனின் பேஸ் கிட்டாரையும் குரலுக்குப் பின்னால் தள்ளி வைத்ததுதான். இந்த மறுபதிப்பில் அந்த இடைவெளி நன்றாகக் கேட்கிறது. கிட்டார்க் கம்பியில் விரல் நகரும் உரசல்கூடத் தனியாகக் காதில் விழுகிறது.

தொகுப்பின் உச்சம் என்று நான் சொல்வது, எல்லோரும் சொல்லும் 'ஃபாஸ்ட் கார்' அன்று. முதல் பக்கத்தின் நான்காம் பாடலான 'பிஹைண்ட் த வால்'. இரண்டு நிமிடம்கூட நீளாத அந்தப் பாடலில் வாத்தியமே கிடையாது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடிபடும் சத்தத்தைச் சுவருக்கு இப்பால் கிடந்து கேட்பவளின் குரல் மட்டுமே இருக்கிறது. பாட்டு வரிகளுக்கு நடுவே சாப்மன் மூச்சு விடும் இடங்களில் தட்டின் லேசான இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. அந்த இடங்களில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒளிந்துகொள்ள ஒரு கம்பி நாதம்கூட இல்லாமல் இப்படிப் பாடுவதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! அழுகைக்கு ஒரு விரற்கடை இப்பாலேயே குரலை நிறுத்திவிடுகிறார்; அதனால்தான் அது நம்மை இவ்வளவு ஆழமாகத் தொடுகிறது.

இரண்டாம் பக்கத்தின் முதல் பாடலான 'மவுண்டன்ஸ் ஓ திங்ஸ்', செல்வம் குவிந்தால் எப்படி வாழ்வேன் என்று கனவு காணும் ஒருத்தியின் வாய்மொழி. குவியும் பொருள்களுக்கு நடுவே அவளுடைய தனிமையும் சேர்ந்தே வளர்கிறது. கையில் எதுவும் சேராத காலத்தில் எழுதிய இந்தப் பாடல் வெளிவந்த சில மாதங்களிலேயே, அந்தச் செல்வம் உண்மையாகவே வாசலுக்கு வந்துவிட்டது. 1988 ஜூன் 11 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் எழுபதாம் பிறந்தநாள் இசைவிழா நடந்தது. பாடகர் ஸ்டீவி வொண்டரின் மின்னணு இசைக்கருவிக்குரிய வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) காணாமற்போக, அவர் மேடையேறாமல் திரும்பினார். அன்று முன்னதாகவே பாடி முடித்திருந்த சாப்மன், ஒற்றைக் கிட்டாருடன் அந்த இடைவெளியை நிரப்ப மறுபடியும் அனுப்பப்பட்டார். நேரலையில் உலகமே அவரைக் கண்டது. தொகுப்பு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு மூன்று கிராமி விருதுகள் வந்தன. ஆனாலும் அவர் தம் சொந்த வாழ்வைக் கடைவிரிக்கவே இல்லை. பாட்டில் அத்தனையையும் திறந்து வைத்தவர், வீட்டுக்கதவை மட்டும் சாத்தியே வைத்துக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

குறையும் உண்டு. ஜமைக்காவின் ரெகே தாளத்தில் அமைந்த 'ஷீஸ் காட் ஹெர் டிக்கெட்', அந்தக் காலத்து ஒலிப்பூச்சைக் கொஞ்சம் அதிகமாகவே சுமக்கிறது. பிற பாடல்களின் எளிமைக்கு நடுவே அது ஒட்டாமல் நிற்கிறது.

'ஃபாஸ்ட் கார்' பாடலை 2023-இல் அமெரிக்கக் 'கன்ட்ரி' இசைப் பாடகர் லூக் கோம்ப்ஸ் பாடியபோது, கடையில் பணம் வாங்கும் பெண்ணாகத் தன்னைச் சொல்லும் வரியை ஆணுக்கேற்ப மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டார். அந்த ஆண்டு கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த பாடல் விருது சாப்மனுக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவரே. புதிய வடிவத்தின் வழியாக இவரிடம் வந்து சேர்ந்தவர்கள், மூலப்பாடலை இந்தத் தட்டில் ஒருமுறை முழுதாகக் கேட்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

பதினொரு பாடல்களும் சேர்ந்து முப்பத்தாறு நிமிடம்தான். கேட்பவர்கள் இரண்டாம் பக்கத்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். கடைசிப் பாடலான 'ஃபார் யூ'வில் மேளமும் பேஸும் விலகிவிட, மறுபடியும் குரலும் கிட்டாருமாகத் தனித்து நிற்கிறார், ஹார்வர்ட் சதுக்கத்தின் நடைபாதையில் நின்றதைப் போலவே.