இமாட்டினிப் 400: ஏழு வருடமாகத் தினமும் ஒன்று

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு ஒரு மாத்திரை. சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் எனக்கு. கண்டுபிடித்த அன்று வெள்ளை அணுக்கள் 1,80,000. ஐந்தாவது வாரம் எண்ணிக்கை சரியான அளவுக்கு வந்துவிட்டது. தையல் கடையை மூடிவிடலாம் என்றிருந்தவள், அந்தத் தீபாவளிக்கு நாற்பது ரவிக்கை தைத்துக் கொடுத்தேன்.

தொல்லைகளும் உண்டு. விடியும்போது கண் இமை வீங்கியிருக்கும். நடு ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ஒருமுறை மருந்துக் கடையில் 400 மில்லிகிராமுக்குப் பதில் 100 மில்லிகிராம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். அட்டையில் எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். 1960-இல் பிலடெல்ஃபியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், இந்த நோயாளிகளின் ரத்தச் செல்களில் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் ஒன்று மட்டும் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். காரணம் தெரிய 1973 ஆயிற்று. 9-ஆவது குரோமோசோமும் 22-ஆவதும் ஒன்றின் துண்டை மற்றொன்று மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டவர் ஜேனட் ரௌலி. அப்படி மாறி ஒட்டிய இடத்திலிருந்து வரும் புரதம், பெருகு பெருகு என்று செல்லை ஓயாமல் விரட்டுகிறது.

அதை அடக்கும் மருந்தை சுவிட்சர்லாந்தில் சிபா-கெய்கி என்ற மருந்துக் கம்பெனியின் வேதியியலாளர்கள் உருவாக்கிய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ரவிக்கைக்கு டக் பிடித்து, போட்டுப் பார்த்து, பிரித்து மறுபடி பிடிப்போமே, அதே வேலை. மூலக்கூறில் ஒரு சின்ன மெத்தில் துண்டைச் சேர்த்ததும், தடுக்கக் கூடாத வேறொரு புரதத்தை அது விட்டுவிட்டது. இன்னொரு துண்டைச் சேர்த்ததும் நன்றாகக் கரைந்தது. நான் ஊசி போட்டுக்கொள்ளாமல் மாத்திரையாக விழுங்குவது அந்தத் துண்டால்தான்.

1998-இல் பிரையன் ட்ரக்கர் என்ற அமெரிக்க டாக்டர் முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த எண்ணிக்கை சீரானது. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சிபா-கெய்கி இன்னொரு கம்பெனியோடு இணைந்து உருவான நோவார்டிஸ் இங்கே கேட்ட காப்புரிமையைச் சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அவர்கள் மாத்திரை அப்போது மாதம் லட்சம் ரூபாய்க்கு மேல்; நம் நாட்டுக் கம்பெனிகளுடையது பத்தாயிரத்துக்குள். அந்த வழக்கு வேறுவிதமாக முடிந்திருந்தால் என் தையல் வருமானத்துக்கு இது எட்டியிருக்காது.

இந்த மாத்திரைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மூன்று மாதத்துக்கொரு முறை எடுக்கும் பி.சி.ஆர். சோதனைக்குத்தான் இன்னும் கடன் வாங்குகிறேன். அதையும் யாராவது மலிவாக்கித் தரவேண்டும்.