ட்ரெய்லர் இழுக்கப் பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் இதை ஒருக்கா வாசித்துவிட்டுப் போங்கள்

போன மாசி மாதம் இங்கே கனடாவில் 22,500 டொலர் கொடுத்து ஒரு டீசல் பிக்கப் வாங்கினேன். மூன்றாவது கிழமை பீற்றர்பரோவில் ஒரு வேலைக்குப் போகும்போது, பின்னால் ட்ரெய்லரும் அதில் ஸ்கிட் ஸ்டியரும் (மண் அள்ளுகிற சின்ன இயந்திரம்) ஆக, 115-ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுவிட்டது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் புல்லு வெட்டுவது, இன்ரர்லொக் கல்லுப் பதிப்பது, பனி தள்ளுவது என்று தொழில் செய்கிற எங்கட பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்படியான வாகனம் தேடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எந்தக் கம்பனி வாகனம் என்று எழுதவில்லை. பிழை கம்பனியில் இல்லை, விற்றவரில்.

விளம்பரத்தில் 'சொந்தப் பாவனை' என்று போட்டிருந்தது. 2,14,000 கிலோமீற்றர். போன் எடுத்தால் தமிழ் ஆள். "தம்பி, நானும் ஊரிலயிருந்து வந்து கஷ்டப்பட்டு உழைச்சவன்தான். உங்களுக்குப் பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போகுது?" என்றார். நானும் மச்சானும் சனிக்கிழமை காலை போனோம். டிரைவ்வேயில் பிக்கப் ஏற்கெனவே ஸ்டார்ட்டில் நின்றது. போனட்டைத் தொட்டால் நல்ல சூடு. ஏனண்ணை என்று கேட்டதற்கு, "குளிருக்குள்ள உங்களை நிப்பாட்டி வைக்கக்கூடாது எண்டு வெள்ளன சூடாக்கி வைச்சனான்" என்றார். எனக்கு அது அன்பாகத்தான் பட்டது. ட்ரெய்லர் இல்லாமல், அந்தப் பகுதித் தெருக்களில் பத்து நிமிடம் ஓட்டினோம். புகை இல்லை, சத்தம் இல்லை. வந்ததும் சேஃப்டி சேர்டிபிகேட்டை (வாகனம் றோட்டில் ஓடத் தகுதி என்கிற பரிசோதனைச் சான்றிதழ்) கையில் தந்தார். காசைக் கொடுத்துவிட்டோம்.

ஓர் எஞ்சின் தன் உண்மையைச் சொல்வது இரண்டு நேரத்தில்தான். இரவு முழுக்க நின்று குளிர்ந்துபோய், காலையில் முதல்முதல் ஸ்டார்ட் ஆகும்போது. மற்றது, பாரம் இழுத்துக்கொண்டு ஏற்றம் ஏறும்போது. அந்த மனுசன் இரண்டையும் எனக்குக் காட்டாமல் பார்த்துக்கொண்டார். அது எனக்கு விளங்கியது றோட்டோரத்தில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர வைக்கிற திரவம்) ஒழுக நின்றபோதுதான்.

கராஜில் மெக்கானிக் அண்ணை கூலண்ட் ஊற்றுகிற வாயில் நீல நிறத் திரவம் ஊற்றிய குழாய் ஒன்றை வைத்துச் சோதித்தார். கூலண்டுக்குள் எரிந்த வாயு கலந்திருந்தால் அந்த நீல நிறம் மாறும். மாறியது. இரண்டு பக்கமும் ஹெட் கஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையில் கசியாமல் அடைக்கிற தகடு) போயிருந்தது. வெறும் வாகனமாக ஓடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, கசிவு தெரியாது. நாலாயிரத்து ஐந்நூறு கிலோவைப் பின்னால் கட்டி ஏற்றத்தில் மிதித்தால் டர்போ முழுக் காற்றையும் தள்ளும். அப்போது எரிந்த வாயு கஸ்கெட்டைத் தாண்டிக் கூலண்டுக்குள் புகுந்து, அதை மூடி வழியாக வெளியே தள்ளிவிடும். பிறகு எஞ்சின் கொதிக்காமல் என்ன செய்யும்?

இதைவிட நெஞ்சு கொதித்தது அடுத்து அவர் காட்டியதைப் பார்த்துத்தான். கூலண்ட் போத்தலின் அடியில் மண் மாதிரி மண்ணிறத் துகள். லீக் அடைக்க ஊற்றுகிற மருந்து. "தெரியாமல் விக்கேல்லைத் தம்பி, தெரிஞ்சுதான் வித்திருக்கினம்." அந்த மருந்து கசிவோடு நிற்காமல் ரேடியேட்டரையும் ஹீட்டரையும் சேர்த்து அடைத்திருந்தது. திருத்த 11,000 டொலருக்கு மேல் கணக்குச் சொன்னார்.

இனி நீங்கள் பார்க்கப் போகும்போது, முதல்நாள் இரவே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று. போனதும் போனட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் எந்தக் காரணம் சொன்னாலும் அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டு, இன்னொரு நாள் போங்கள். எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது மேல் ரேடியேட்டர் குழாயை அமத்திப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வாகனத்தில் அது மென்மையாக இருக்கவேண்டும். கல்லு மாதிரி இருந்தால் உள்ளே வாயு நிற்கிறது. கூலண்ட் போத்தலுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டார்ட் பண்ணும்போது ஒராள் பின்னால் நின்று புகையைப் பார்க்கவேண்டும். இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலண்ட் எரிகிறது. நீலமென்றால் ஒயில்.

கிலோமீற்றரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நிறையப் பிக்கப்புகளில் எஞ்சின் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று டாஷ்போர்டிலேயே பார்க்கலாம். என்னுடையதில் 7,900 மணித்தியாலம். 2,14,000-ஐ அதால் பிரித்தால் மணிக்கு 27 கிலோமீற்றர்தான் வருகிறது. அதாவது வாழ்நாளில் பெரும்பகுதி நின்ற இடத்தில் ஓடியிருக்கிறது, அல்லது ஊர்ந்திருக்கிறது. இந்தக் கணக்குப் போட எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. போடவில்லை.

எஞ்சினின் பிழைக் கோட்களைப் போனில் வாசிக்கிற புளூடூத் ஸ்கேனர் ஒன்றை நாற்பது டொலருக்குள் வாங்கலாம். கோட் ஒன்றும் இல்லை என்று காட்டினால் சந்தோசப்படாதீர்கள். அதே ஸ்கேனரில் 'மொனிற்றர்' (வாகனம் தன்னைத்தானே சோதிக்கிற சோதனைகள்) எல்லாம் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி முடியாமல் கிடந்தால் யாரோ அண்மையில் கோட்களை அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரி கழற்றியிருக்கிறார்கள். ஒயிலில் கொஞ்சம் எடுத்து லாபுக்கு அனுப்பினால் கூலண்ட் கலந்ததை சோடியம், பொட்டாசியம் அளவு காட்டிக்கொடுத்துவிடும். முடிவு வரச் சில நாள் எடுக்கும். அவ்வளவு நாள் பொறுக்கமாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

ஒரே மொடல் பெயர் என்றால் ஒரே எஞ்சின் என்று நினைக்காதீர்கள். உதாரணத்துக்கு ஃபோர்ட் சூப்பர் டூட்டி பிக்கப்பை எடுங்கள்: 2003 நடுவில் 7.3 லிட்டர் டீசல் போய் 6.0 வந்தது, 2008-இல் 6.4, 2011-இல் 6.7. நாலும் வேறு வேறு எஞ்சின், வேறு வேறு வருத்தம். வருடத்தையும் எஞ்சினையும் சேர்த்து விசாரியுங்கள்.

கடைசியாக, உங்கள் சொந்த ட்ரெய்லரைப் பாரத்தோடு கொண்டுபோய்க் கொழுவி, அரை மணித்தியாலம் ஏற்ற இறக்கத்தில் ஓட்டிக் கூலண்ட் சூட்டைப் பாருங்கள். இழுக்கத்தானே வாங்குகிறோம்? இதற்கு மறுத்தவுடனே நான் கிளம்பியிருக்கவேண்டும். நான் கேட்கவே இல்லை.

ஒன்ராறியோவின் சேஃப்டி சேர்டிபிகேட் 36 நாளுக்கு மட்டும் செல்லும். பிரேக், டயர், லைட், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பார்ப்பார்கள். எஞ்சினின் ஆயுளுக்கு அது எந்த உத்தரவாதமும் இல்லை. நான் அதை எஞ்சினுக்கும் சேர்த்து நம்பினேன். அடுத்தது, தனியார் விற்பனையில் விற்பவர் சட்டப்படி தரவேண்டிய, உரிமையாளர்கள் யார் என்று காட்டுகிற வாகனத் தகவல் பொதி. 20 டொலர் சாமான். பெயர் மாற்றுகிற அன்றைக்குத்தான் என் கையில் தந்தார், நானும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதில் அவர் பெயரே இல்லை. வேறொருவர் பெயரில் ஐந்தே கிழமை! உரிமம் இல்லாமல் இப்படி வீட்டிலிருந்து வாகனம் விற்பவர்களிடம் அகப்பட்டால், பதிவுசெய்த டீலரிடம் வாங்கியவர்களுக்கு இருக்கிற இழப்பீட்டு நிதியும் உங்களுக்குக் கிடைக்காது.

சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். மருந்துத் துகளின் படமும் மெக்கானிக்கின் எழுத்தும் கையில் இருக்கின்றன. பிக்கப் இன்னும் கராஜில்தான், மச்சான் வாடகை வாகனத்தில் வேலைக்குப் போய்வருகிறார். நேற்று விளம்பரங்களைப் பார்த்தபோது அதே டிரைவ்வே, அதே கராஜ் கதவு, முன்னால் இன்னொரு வெள்ளைப் பிக்கப். ஸ்காபரோ பக்கம் யாராவது வாகனம் பார்க்கப் போகிறீர்களென்றால் முதலில் எனக்கு எழுதுங்கள். ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது. விடியவே வெளிக்கிட்டு நானும் கூட வருகிறேன்.