குறட்டைக்குப் பல் கருவியா, சிபாப் மெஷினா?

குறட்டையோடு தூக்கத்தில் மூச்சும் அடைபடுகிறது என்றால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள்.

சிபாப், 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் வைத்திருக்கும். மூச்சுத் தடையைக் குறைப்பதில் இதுதான் வலுவானது. ஆனால் பாதி ராத்திரியில் கழற்றிவிடுகிறவர்கள் ஏராளம்.

பல் கருவி அப்படி இல்லை. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவார், மேல் கீழ்ப் பற்களில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்துப் பிடிக்கும். நாக்கும் கூடவே நகர்வதால் தொண்டையில் இடம் கிடைக்கும். சத்தம் இல்லை, மின்சாரம் வேண்டாம், பயணத்துக்கும் சுலபம். ஆரம்பத்தில் எச்சில் ஊறும், காலையில் தாடை வலிக்கும். வருடக்கணக்கில் போட்டால் பற்கள் கடிக்கும் விதமே மாறலாம். அப்புறம், பிடித்து நிற்க உறுதியான பற்கள் வேண்டும். ஈறு நோய் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ மூச்சு அடைபடுவதாக வந்தால் சிபாப்பைத்தான் முதலில் முயல வேண்டும் என்பேன். 5 முதல் 30-க்குள் என்றால் பல் கருவியைத் தயங்காமல் கேளுங்கள். போட்ட பிறகு மறுபடியும் பரிசோதனை அவசியம். குறட்டை நின்றும் மூச்சுத் தடை தொடரலாம்.